அடங்கலுக்கு உள்ளும் வெளியும்: காவிரிப் படுகையில் பேரிடர் நிவாரணத்தின் வரலாறு

காவிரிப் படுகையைத் தாக்கிய பேரிடர்களை அரசு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இறந்தோர் எண்ணிக்கையையும் ஒதுக்கப்பட்ட தொகையையும் கொண்டே அளக்கின்றனர். இவ்விரண்டும் தேவையான அளவுகோல்களே எனினும், தஞ்சை மண்ணில் நிவாரணம் யாரைச் சென்றடைந்தது, யாரைத் தாண்டிச் சென்றது என்பதை விளக்க அவை போதா. அதை அறிய வேண்டுமாயின் வருவாய்த் துறையின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். நிலத்தின் உரிமையாளரைக் குறிக்கும் பட்டா, ஒருவர் பெயரிலுள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும் சிட்டா, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டு ஒவ்வொன்றிலும் எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் நின்றது என்பதைப் பதியும் அடங்கல் ஆகிய இவை யாவும் நிலவரி வசூலுக்காகப் பிறந்தவை. அவ்வரி அரசின் வருமானத்தில் ஒரு பொருட்டாக இல்லாமற்போன பின்னரும், புயலும் வெள்ளமும் வரும்போது இழப்பை அளக்கும் கருவியாக நிலைத்திருப்பவை இவையே. கடந்த எழுபது ஆண்டுகளில் அரசு உயிர்களைக் காப்பதில் வியக்கத்தக்க அளவு தேறியுள்ளது. வாழ்வாதாரங்களை மீட்பதிலோ, இந்த ஏடுகள் இட்ட வேலியை அது அரிதாகவே தாண்டியுள்ளது.

ரயத்துவாரி முறையில், அதாவது அரசு நேரடியாக நிலவுடைமையாளரிடம் வரி பெற்ற முறையில், பேரிடர் என்பது முதன்மையாக வசூலாகாத கிஸ்தியாகவே, அதாவது வரித் தவணையாகவே, கண்ணுக்குப் பட்டது. ஆற்றுடைப்பில் மணல் மூடிய வயலையும் நீரில் அழுகிய பயிரையும் கிராமக் கணக்கராகிய கர்ணம் பதிவு செய்வார், தாசில்தார் பார்வையிடுவார், ஆண்டுதோறும் நடக்கும் கணக்குத் தீர்ப்பாகிய ஜமாபந்தியில் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, வழங்கப்படும். இந்த ஏற்பாட்டில் வரி கட்டாதவருக்கு இடமே இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின் 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையமும், அதனைத் தொடர்ந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்பும் வந்தன. நிலத்தைத் திருத்தவும் விதை, மாடு வாங்கவும் தக்காவிக் கடன் வழங்குவதற்கான சட்டங்கள் 1883, 1884ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்டன. ஆயினும் அந்த விதித்தொகுப்பு மெல்ல மெல்ல வரும் வறட்சியை மனத்தில் கொண்டு வரையப்பட்டது. ஆற்றுப் பாசனத்தால் அப்பஞ்சத்தின் முழுக் கொடுமையிலிருந்து தப்பிய தஞ்சைக்கு, ஓரிரவில் வந்து போகும் காற்றும் வெள்ளமுமே உண்மையான ஆபத்து. அதற்கென்று தனி விதி நெடுங்காலம் எழுதப்படவில்லை.

வெள்ளத்தின் வரலாறு சற்றே வேறு வழியில் சென்றது. 1924 ஜூலையில் காவிரியில் பெருகிய வெள்ளம், கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1099இன் பெருவெள்ளமாக இன்றும் நினைக்கப்படும் அதே பருவமழையின் விளைவாகும். காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடத்தின் கரைகளும் பாலங்களும் அப்போது பெருஞ்சேதம் கண்டன. மேட்டூர் அணைக்கான திட்டம் அச்சமயம் தயாராகிக்கொண்டிருந்தமையால், நொடிக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் கன அடியைக் கடந்த அந்த வெள்ளத்தின் அளவு நேரடியாக வடிவமைப்புக்குள் புகுந்தது. உபரி நீரை வெளியேற்றும் ஏற்பாடு திருத்தப்பட்டு, அணையை வடிவமைத்த கர்னல் எல்லிஸ் பெயரால் வழங்கும் பதினாறு கண் மதகுகள் அமைந்தன. ஒரு பேரிடரின் பாடம் பத்தே ஆண்டுகளில் கல்லும் சுண்ணாம்புமாக மாறிய அரிய எடுத்துக்காட்டு இது. பொறியாளருக்கு வெள்ளம் ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. அந்த எண்ணுக்கேற்ற கட்டுமானத்தை எழுப்பும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. பயிரிட்டவனின் இழப்பைப் பதியும் கர்ணத்திடம் அத்தகைய அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை.

1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயலில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். ராஜாஜி முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டை வேறொரு காரணத்துக்காகவும் தஞ்சை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. புயலுக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஆகஸ்டில், தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு வாரக் குடிகளுக்கு என்றும், குத்தகை ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும் என்றும் கூறிய அச்சட்டம், ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருந்தோரையே கட்டுப்படுத்தியது. நிலவுடைமையாளராகிய மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என மூவகையினர் ஒரே வயலைச் சார்ந்து வாழ்ந்த மாவட்டத்தில், அம்மூவரின் உறவும் சட்டத்தின் முன் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், புயல் வந்து பயிரைச் சாய்த்தது. வயலில் நின்ற பயிரில் குத்தகைதாரருக்குப் பங்குண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பயிர் அழிந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பழைய வஜா முறையே தீர்மானித்துக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகளில், 1955 டிசம்பர் 1 அன்று, பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடம் கடற்கரையில் கரை கடந்த மற்றொரு புயலில் கடல்நீர் ஏறத்தாழ 16 கி.மீ. உள்நாட்டுக்குள் ஏறியது.

அடுத்த பெரும் சோதனை 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே வந்தது. 560 பேர் இறந்ததாகவும், பத்து லட்சம் பேர் வீடிழந்ததாகவும், 23 ஆயிரம் கால்நடைகள் மடிந்ததாகவும், சேதம் 155 கோடி ரூபாய் என்றும் பதிவாயிற்று. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பொறுப்பேற்று ஐந்து மாதங்கள்கூட முடியாத காலம் அது. ஒரு வாரத்திற்குள், நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையை மற்றொரு புயல் தாக்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதால், தில்லியின் கவனமும் நாட்டின் இரக்கமும் அத்திசைக்குத் திரும்பின. பேரிடர்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டே நிவாரணம் பெறுகின்றன என்பது கசப்பான உண்மை. தஞ்சை அப்போட்டியில் அன்று தோற்றது. 1977இல் சேதத்தைக் கணக்கெடுத்தவர்களும் கர்ணங்களும் கிராமத் தலைவர்களாகிய மணியக்காரர்களுமே. பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பங்களைச் சேர்ந்த இவர்களின் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தால் ஒழித்து, தேர்வின் வழி நியமிக்கப்படும் கிராம நிர்வாக அலுவலரை அவ்விடத்தில் அமர்த்தியது. எழுதுகோல் கைமாறியது பெரிய மாற்றமே. ஆனால் எழுதப்படும் ஏடு அதேதான்.

எழுபதுகளுக்குப் பிந்தைய காலத்தில் எச்சரிக்கை முறை பெருமளவு முன்னேறியது. எண்பதுகளில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே கடலோர ஊர்களுக்கு நேரடியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு வந்தது. கடற்கரையில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழும்பின. இவை எதுவும் உதவாத ஒரு பேரிடர் 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்தது. தமிழகத்தில் ஆழிப்பேரலைக்குப் பலியான ஏறத்தாழ எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் என்னும் ஒரே மாவட்டத்தினர். பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் பிரிந்த அம்மாவட்டத்தில், அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் வேளாங்கண்ணியும் சில நிமிடங்களில் சிதைந்தன.

நிவாரண வரலாற்றில் ஆழிப்பேரலை ஒரு திருப்பம். பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினராகிய மீனவர்கள் வருவாய்த் துறையின் ஏடுகளில் ஏறத்தாழ இல்லாதவர்கள் என்பதே அதற்குக் காரணம். கடலுக்குப் பட்டா இல்லை. வீட்டடி மனைகள் பலவும் புறம்போக்கில், அதாவது தனியார் பெயரில் பதிவாகாத அரசு நிலத்தில், இருந்தன. ஆகவே அரசு வேறு ஒரு பட்டியலை நாட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் பஞ்சாயத்தாருக்குத் தலைக்கட்டு வரி செலுத்தும் குடும்பங்களின் கணக்கு இருந்தது. நிவாரணப் பொருள்களும் படகுகளும் பெருமளவு அந்தக் கணக்கின் வழியே பங்கிடப்பட்டன. தஞ்சாவூர் ஆட்சியராக இருந்து நாகைக்கு மாற்றப்பட்ட ஜெ. ராதாகிருஷ்ணன் காலத்தில், மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் ஒரே ஒருங்கிணைப்பு மையத்தின் மூலம் பணிகளைப் பகிர்ந்துகொண்டது முன்மாதிரி எனப் பாராட்டப்பட்டது. அப்பாராட்டு தகும். ஆயினும் தலைக்கட்டுக் கணக்குக்கும் ஒரு வெளிவிளிம்பு இருந்தது. கணவரை இழந்த பெண்களும், மீன் சுமந்தும் கருவாடு காயவைத்தும் பிழைத்த தலித் கூலிகளும், படகில்லாத உப்பங்கழித் தொழிலாளரும் பல இடங்களில் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 2005 மார்ச் மாத அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் உள்ளே குடிபெயர்ந்தால் புதிய வீடு உண்டு, மறுத்தால் உதவி இல்லை என்றது. புதிய வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட்டதை அந்தத் திட்டத்தின் நிலைத்த பயன்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

கடற்கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே, உப்பு நீர் புகுந்த வயல்களில் கதை மீண்டும் பழைய ஏட்டுக்குத் திரும்பியது. படிந்த சேற்றை அகற்றி, நல்ல நீர் பாய்ச்சி வடித்து, ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும் முறைகள் பரிந்துரைக்கப்பட்டன; 2005ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வெள்ளமாகப் பெய்து உப்பின் பெரும்பகுதியைக் கழுவிச் சென்றது, ஒரு துன்பம் மற்றொன்றுக்கு மருந்தான விந்தை. நிலத்தைச் சீர்திருத்துவதற்கான உதவி நிலமுடையோர்க்குக் கிடைத்தது. ஓராண்டுக் காலம் நடவும் அறுவடையும் இல்லாதுபோன விவசாயக் கூலிகளுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

2018ஆம் ஆண்டு காவிரிப் படுகைக்கு நம்பிக்கையோடு விடிந்தது எனலாம். 2016-17இன் வறட்சியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்படும் அளவுக்கு நிலைமை மோசமாகி, உழவர்கள் கடனில் மூழ்கியிருந்தனர். 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பித் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த நீரே ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்றது. இரண்டு நாட்களில் முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அங்கு வந்து, ஏறத்தாழ 400 கோடி ரூபாயில் புதிய கதவணைகள் கட்டப்படும் என்று அறிவித்தார். அவை கட்டியும் முடிக்கப்பட்டன. உடைந்தது அரசின் சொத்தாக இருக்கும்போது அளவீடும் ஒதுக்கீடும் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு, மூன்று மாதங்களில் வரவிருந்த புயலோடு ஒப்பிட இது நல்ல சான்று.

கஜா புயல் நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முன்னேற்பாட்டை எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினே வெளிப்படையாகப் பாராட்டினார் என்பது தமிழக அரசியலில் அடிக்கடி காணக்கூடியதன்று. 1977இல் 560 உயிர்களைப் பலிகொண்ட காற்றுக்கு நிகரான ஒன்று, அப்போதைவிடப் பெருகிய மக்கள்தொகையின் மீது வீசியும், உயிரிழப்பு அதில் ஒரு சிறு பங்காகவே நின்றது. இந்தச் சாதனையை எந்தக் குறையும் அழித்துவிடாது.

பாராட்டு இரண்டு நாட்கள்கூட நீடிக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. சாலைகளை மரங்கள் அடைத்திருந்தன. மின்சாரம் இல்லாததால் குடிநீர் ஏற்ற முடியவில்லை. எச்சரிக்கையும் முகாமும் கடற்கரையைக் கணக்கில் கொண்டே திட்டமிடப்பட்டிருந்தன. காற்றோ வேகம் பெரிதும் குறையாமல் உள்நாட்டில் வெகுதூரம் சென்று, புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களையும் நொறுக்கியது. அங்குள்ள கொத்தமங்கலத்தில் உதவி வரவில்லை என மக்கள் மறியல் செய்ததும், அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டதும், அதையடுத்த காவல்துறை நடவடிக்கையும் நிர்வாகத்திற்கும் மக்களுக்கும் இடையே விழுந்த பிளவைக் காட்டின. மின்வாரியத் தொழிலாளர்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டது அந்த நாட்களின் உண்மையான வீரம். சிற்றூர்கள் பலவற்றுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

ஆனால் கஜாவின் நீங்காத சேதம் தென்னையில் நேர்ந்தது, அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரம் பழைய காவிரிப் பாசனத்துக்கு வெளியே இருந்த மேட்டு நிலம். மேட்டூர் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய், 148 கி.மீ. ஓடிப் புதுக்கோட்டையின் மும்பாலை ஏரி வரை நீண்டு, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவது ஆண்டுக்காண்டு நிச்சயமற்றதாக மாறியபோது, ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் கால்வாய் நீரையும் கொண்டு தென்னை வைப்பதே உழவர்க்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. ஆள்கூலி குறைவு, மாதந்தோறும் வருமானம், மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் அடகு வைக்கத்தக்க தோப்பு என அது காவிரிச் சிக்கலுக்கு உழவர்கள் தாமே கண்ட விடையாயிற்று. நவம்பரில் இளம்பயிராக நின்ற சம்பா நெல் பெரும்பாலும் காற்றுக்கு வளைந்து தப்பிக்க, அந்த விடைதான் வேரோடு சாய்ந்தது.

நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்; காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டுகள் வரை பயன்தரும். இத்தகைய மரத்தின் மதிப்பை அரசு எவ்வாறு கணக்கிட்டது என்பதே கஜா நிவாரணத்தின் மையக் கேள்வி. மத்திய அரசு வகுத்த பேரிடர் நிதி விதிகளின்படி, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயும் பல்லாண்டுப் பயிருக்கு 18,000 ரூபாயும், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரையில் மட்டுமே அப்போது வழங்க முடிந்தது. விதிகள் இதனை இடுபொருள் மானியம் என்கின்றன. அடுத்த பருவத்துக்கு விதையும் உரமும் வாங்கும் செலவில் ஒரு பங்கே அதன் நோக்கம். தமிழக அரசு இதன்மேல் தன் நிதியைச் சேர்த்து, விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என்றும், ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்றும் நிர்ணயித்தது. விதியைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் என்பதால் இது தாராளம் எனத் தோன்றும். ஆனால் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் பதினாறு வயதைக் கடந்த மரத்துக்கு வைத்த மதிப்பு 1,750 ரூபாய். அக்காப்பீட்டின் அப்போதைய ஆண்டுக் கட்டணம் மரத்துக்கு 14 ரூபாய். மானியம் போக உழவர் செலுத்த வேண்டியது அதில் கால் பங்கு, மூன்றரை ரூபாய். அவ்வளவு மலிவான காப்பீட்டில் படுகையின் தோப்புகள் மிகச் சிலவே சேர்ந்திருந்தன. அத்திட்டம் இருப்பதை ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டிய பொறுப்பில் அரசு தவறியது என்று கூறுவது மிகையாகாது.

விழுந்த மரங்களை அகற்றுவதும் பெரும் சுமையாயிற்று. மட்கும் தென்னந்தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி எஞ்சிய மரங்களையும் புதிய கன்றுகளையும் தாக்கும் என்பதால் விரைவாக அகற்ற வேண்டும். ஒரே நேரத்தில் வட்டாரம் முழுவதும் மரம் அறுக்கும் இயந்திரங்களைத் தேடியதால் அவற்றின் வாடகை உயர்ந்தது. 500 ரூபாய் ஒதுக்கீடு இந்தச் சந்தை நிலையைக் கருதி வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

தொகையைவிடக் கடினமான சிக்கல் பெயரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைக் கொண்டே சேதத்தைச் சான்றளிக்கிறார். கோயில், மடங்களின் நிலங்கள் மிகுந்த இம்மாவட்டங்களில் பயிரிடுபவரும் பட்டாதாரரும் வேறு வேறானவர்கள். குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது எனினும், பதிவு செய்தால் வெளியேற்ற முடியாது என்று அஞ்சிய நிலவுடைமையாளர் வாய்மொழிக் குத்தகையையே விரும்பினர்; பயிரிடுவோர் நிலத்தை இழக்க அஞ்சி வற்புறுத்தவில்லை. ஐம்பதாண்டுகளுக்குப் பின் புயலில் சாய்ந்த பயிருக்கு நிவாரணம் கேட்டு நின்றபோது, அந்த மௌன உடன்பாட்டின் விலையைக் குத்தகைதாரரே கொடுத்தனர். தோப்பில் தேங்காய் உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தோர்க்குக் குடிசைச் சேதத்துக்கான உதவி தவிர வேறில்லை. கூரை முழுவதும் போன குடிசைக்குப் பத்தாயிரம் ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய் என்பது அக்கணக்கு. அவர்களிடம் வாராந்திரத் தவணை வசூலித்த நுண்கடன் நிறுவனங்களுக்குப் புயல் விடுமுறை எதுவும் இல்லை.

நவம்பர் 22 அன்று முதலமைச்சர் பிரதமரைச் சந்தித்து 15,000 கோடி ரூபாய் கோரினார். மத்தியக் குழு பார்வையிட்டபின் இடைக்காலமாக 353.70 கோடியும், டிசம்பர் 31 அன்று 1,146.12 கோடியும் ஒப்புதலாயின. இந்த இடைவெளியை அரசியல் பாகுபாடு என்று விளக்கியோர் பலர். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பாகுபாடே இல்லாத அரசாக இருந்தாலும், ஹெக்டேருக்கு 18,000 என்ற விதியைப் பிடித்துக் கணக்கிட்டால் 15,000 கோடியை எட்ட வழியில்லை. மாநிலம் மறுவாழ்வின் செலவைக் கேட்டது. மத்திய அரசு நிவாரணத்தின் அளவை அளந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மறுவாழ்வைப் பற்றி விரிவாகப் பேசினாலும், அச்சட்டத்தின் கீழ் 2010 முதல் இயங்கிய நிதியங்கள் உடனடி நிவாரணத்துக்காகவே அமைந்திருந்தன.

ஒடிசாவோடு ஒப்பிடுவது இங்கே பயனுடையது. 1999இன் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை இழந்த அம்மாநிலம், தனி ஆணையம் அமைத்து, 2013இன் பைலின் புயலில் ஐம்பதுக்கும் குறைவான உயிரிழப்போடு கடந்தது. ஆனால் கஜாவுக்கு ஆறு மாதங்களுக்குப் பின், 2019 மே மாதத்தில், ஃபானி புயல் பூரியைத் தாக்கியபோது மின்கட்டமைப்பு சரிந்ததும், தென்னையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் அழிந்ததும், குத்தகையில் பயிரிட்டோர் பட்டியலுக்கு வெளியே நின்றதும் அங்கும் நிகழ்ந்தன. உயிர்காப்பில் இந்தியாவுக்கே வழிகாட்டியான மாநிலத்திலும் மீட்பு அதே இடத்தில் முட்டி நின்றது என்பதால், தஞ்சையின் குறையை ஓர் அமைச்சரவையின் திறமைக் குறைவாக மட்டும் படிப்பது சரியன்று.

2022இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. பாசனப் பயிருக்கான தொகை ஹெக்டேருக்கு 17,000 ஆகவும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ஆகவும் உயர்ந்தது. இரண்டு ஹெக்டேர் வரம்பு அப்படியே நீடித்தது. கஜாவுக்குப் பின் பேராவூரணியில் நட்ட நெட்டைக் கன்றுகள் அப்போது இன்னும் பாளை விடத் தொடங்கியிருக்கவில்லை.